வீட்டுல உக்காந்து எழுதுறவங்களுக்கு: தினசரி இடைஞ்சல்களை வரிசையா சரி பண்றது எப்படி – முழுமையான வழிகாட்டி

தனி ரூம் கிடையாது, வேலை, சமையல், புள்ளைங்க எல்லாத்துக்கும் நடுவுல கிடைக்கிற நேரத்துல கதையோ கட்டுரையோ எழுதுறவங்களுக்கான வழிகாட்டி இது. எங்க எழுத்துக் குழுவுக்கு புதுசா வர்றவங்க முக்கால்வாசிப் பேர் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கிறாங்க. முதல்ல போனை லாக் பண்ற ஆப் ஒண்ணு போடுவாங்க, அடுத்து அலாரம் வச்சு விடியக்காலைல எழுந்திருப்பாங்க, நாலஞ்சு நாள் ஓடும், ஒருநாள் வீட்டுக்கு சொந்தக்காரங்க வருவாங்க, அதோட நின்னுடும்.

அவங்க முயற்சி குறைவுன்னு நான் சொல்லவே மாட்டேன். வரிசை மாறிப் போச்சு, அவ்வளவுதான். எந்த இடைஞ்சலை முதல்ல தொடணும், எதை மாத்தவே முடியாதுன்னு விட்டுட்டு அதுக்கு வேற வழி பண்ணணும்னு தெரிஞ்சாலே பாதி வேலை முடிஞ்சிடும். கீழ இருக்கற வரிசையிலயே போங்க, நடுவுல தாண்டாதீங்க, ஏன்னா ஒவ்வொரு படியும் அதுக்கு முந்தின படியில கிடைச்ச தகவலை வச்சுத்தான் நடக்கும்.

1. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்து வைக்க வேண்டியது

ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா, கிளிப் வச்ச அட்டை, அதுல சொருக ஒருபக்கம் பிரிண்ட் ஆன பழைய பேப்பர். கூடவே கையால திருகி வைக்கிற கிச்சன் டைமர், இல்லன்னா பழைய அலாரம் கடிகாரம்.

டைமர் எதுக்கு, போன்லயே இருக்கேன்னு எல்லாரும் கேப்பாங்க. மணி பாக்கன்னு போனை எடுத்தா மணியை மட்டும் பாத்துட்டு வைக்கிறவங்க ரொம்பக் கம்மி. அதனால நேரம் காட்டுற பொருள் வேறயா இருக்கணும். இதுக்கு மேல எதுவும் வாங்க வேணாம், புது மேஜை, புது நாற்காலி எல்லாம் இப்போதைக்கு தள்ளி வைங்க.

2. ஒரு வாரம் எதையும் மாத்தாம குறிச்சு மட்டும் வைங்க

வழக்கமா எழுதுற நேரத்துலயே உக்காருங்க. கை நிக்கிற ஒவ்வொரு தடவையும் நோட்டுல ஒரு வரி: மணி என்ன, என்ன நடந்துச்சு, அது வெளிய இருந்து வந்துச்சா இல்ல நீங்களா எழுந்து போனீங்களா. கடைசில இருக்கற அந்தக் கேள்விதான் முக்கியம்.

எங்க குழுவுல ஒருத்தங்க எழுதின பக்கத்துல இருந்து கொஞ்சம், அவங்க சம்மதத்தோட:

6.10 – பால் பாக்கெட் எடுக்கப் போனேன் – நானே
6.25 – பையன் சாக்ஸ் எங்கன்னு கேட்டான் – வெளிய
6.31 – குதிர் எப்படி இருக்கும்னு போட்டோ தேடினேன் – நானே
6.58 – பழைய செட்டிநாட்டு வீடு வீடியோ பாத்துட்டு இருக்கேன் – நானே
7.02 – மோட்டார் போடப் போனேன் – நானே

இவங்க எங்க கிட்ட வந்தப்ப சொன்னது "பசங்கதான் எழுத விடமாட்டேங்கிறாங்க". பேப்பரைப் பாத்தா பையன் எடுத்துக்கிட்டது ரெண்டு நிமிஷம், குதிர் எடுத்துக்கிட்டது அரைமணி நேரம். தாத்தா வீட்டுல நெல்லு கொட்டி வச்ச குதிர் பத்தி ரெண்டு வரில சொல்லிட்டுப் போக வேண்டிய இடம் அது. நாம நினைக்கிற இடைஞ்சலும் நிஜமா நேரத்தை சாப்பிடுற இடைஞ்சலும் பெரும்பாலும் வேற வேறயாத்தான் இருக்கு, அதனாலதான் இந்த ஒரு வாரம் வேணும்.

புதுசா செய்றவங்க இங்க தடுக்கி விழுற இடம் ரெண்டு. ஒண்ணு, போன்ல நோட்ஸ் ஆப்ல குறிக்கிறது. குறிக்கப் போய் மெசேஜ் பாத்துட்டு வருவீங்க, வேணாம், பேப்பர்ல எழுதுங்க. இன்னொண்ணு, முதல் நாளே வெக்கமா இருக்குன்னு நடந்துக்குற விதத்தை மாத்திக்கிறது. மாத்தாதீங்க, இருக்கறபடியே வரட்டும்.

3. குறிச்சதை நாலு குவியலா பிரிங்க

வாரக் கடைசில நோட்டை விரிச்சு வச்சு ஒவ்வொரு வரிக்கும் பக்கத்துல ஒரு எழுத்து போடுங்க.

நே – நேரம் தெரிஞ்சு வர்றது. பால், குப்பை வண்டி, தண்ணி மோட்டார், ஸ்கூல் வேன், சாயங்கால சீரியல்.
த – நேரம் தெரியாது, ஆனா தடுத்துடலாம். லோன் வேணுமான்னு வர்ற கால், குரூப் மெசேஜ், ஆப்ல வர்ற ஆஃபர்.
மு – தடுக்கவே முடியாது. அம்மா போன், புள்ளைக்கு காய்ச்சல், திடீர்னு கரண்ட் போறது.
நா – நானே எழுந்து போனது.

ஒவ்வொண்ணுக்கும் மருந்து வேற. நே-க்கு நேரத்தை மாத்தணும், த-வை ஒரே நாள்ல செட்டிங்ஸ்ல முடிச்சிடலாம், மு-வுக்கு திரும்பி வர்ற வழியைப் பழகணும், நா-வுக்கு பக்கத்துல ஒரு பேப்பர் வேணும். குழம்பறது எங்கன்னா, தடுக்க முடியாததை தடுக்கப் பாத்து வீட்டுல சண்டை போடுறாங்க, தடுக்கக் கூடியதை "என்ன பண்றது"ன்னு பொறுத்துக்கிறாங்க.

4. வீட்டோட கடிகாரத்தைப் பாத்து நேரத்தை எடுங்க

விடியக்காலை அஞ்சு மணிதான் எழுத நல்ல நேரம்னு பொதுவா சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. நோட்டைப் பாருங்க. "வெளிய"ங்கற வார்த்தை அதிக நேரம் வராம இருக்கற இடைவெளி எதுவோ அதுதான் உங்க நேரம். ஒருத்தருக்கு அது காலைல மோட்டார் ஆஃப் பண்ணதுக்கும் ஸ்கூல் வேன் வர்றதுக்கும் நடுவுல இருக்கும், இன்னொருத்தருக்கு எல்லாரும் கிளம்பினப்புறம் ஒன்பதரைல இருந்து பத்தரை வரைக்கும், ஏன்னா பதினோரு மணிக்கு மேல கூரியரும் சிலிண்டரும் வர ஆரம்பிச்சிடும்.

முப்பது நிமிஷம் போதும், நாப்பது கிடைச்சா நல்லது. ரெண்டு மணி நேரம்னு திட்டம் போட்டீங்கன்னா அந்த ரெண்டு மணி நேரத்துக்குள்ள கண்டிப்பா யாராவது வருவாங்க, வந்ததும் "இன்னிக்கு போச்சு"ன்னு விட்டுடுவீங்க.

ராத்திரி எல்லாரும் தூங்கினப்புறம் எழுதுறேன்னு நிறைய பேர் சொல்றாங்க. சிலருக்கு நல்லா வருது, மறுக்கல. ஆனா நாள் பூரா வேலை பாத்து அசந்து போன உடம்போட உக்கார்றவங்களுக்கு வெளி இடைஞ்சல் குறைஞ்சு நா குவியல் ரெண்டு மடங்காகுது, போனை எடுத்துட்டு படுத்துடுறாங்க. ஒரு வாரம் செஞ்சு நோட்டுல பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

மாசாந்திர பராமரிப்புக்காக கரண்ட் நிறுத்துறதை மின்வாரியம் முன்கூட்டியே அறிவிக்குது, பேப்பர்லயும் வரும், பெரும்பாலும் காலை 9 மணில இருந்து மதியம் 2 மணி வரைக்கும். அந்தத் தேதியை காலண்டர்ல வட்டம் போட்டு வச்சு, அன்னிக்கு கையெழுத்துல எழுதுற வேலையை ஒதுக்கி வைங்க. தெரிஞ்ச கரண்ட் கட் நே குவியல்தான், மு கிடையாது.

5. வீட்டுல இருக்கறவங்க கிட்ட பேசுறது

இதுதான் எல்லாத்தையும் விட முக்கியமான படி. ஆனா எல்லாரும் தாண்டிப் போற படியும் இதுதான், ஏன்னா செட்டிங்ஸ் மாத்துறது சுலபம், வீட்டுல வாய் திறந்து கேக்குறது கஷ்டம்.

"நான் எழுதுறேன், யாரும் தொந்தரவு பண்ணாதீங்க"ன்னு சொல்றது வேலைக்கு ஆகாது. அதுல முடிவே இல்ல. நீங்க எப்ப வெளிய வருவீங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, அதனால நினைப்பு வந்த உடனே கேட்டுடலாம்னு வந்துடுறாங்க. முடியுற நேரத்தைச் சொல்லுங்க, அதுக்கப்புறம் நீங்க என்ன செய்வீங்கன்னும் சொல்லுங்க.

எங்க குழுவுல ஒருத்தங்க அவங்க மாமியார் கிட்ட கேட்டது இப்படி: "அத்தை, ஏழு மணி வரைக்கும் பெல் அடிச்சா நீங்க பாத்துக்கறீங்களா? ஏழு அடிச்சதும் நான் வந்து காபி போடுறேன்." இதுல யார் பொறுப்புன்னு இருக்கு, எதுவரைக்கும்னு இருக்கு, அப்புறம் என்னன்னும் இருக்கு. அந்தம்மா "சரிம்மா"ன்னுட்டாங்க.

சொன்ன நேரத்துக்கு எழுந்து வாங்க, பாதி வாக்கியத்துல இருந்தாலும் சரி. முதல் ரெண்டு வாரம் இதை நீங்க காப்பாத்துனாதான் மூணாவது வாரம் அவங்க உங்க நேரத்தைக் காப்பாத்துவாங்க. "இன்னும் அஞ்சே நிமிஷம்"னு ஒரு தடவை இழுத்துட்டா அடுத்த நாள்ல இருந்து ஏழு மணிக்கு மதிப்பே இருக்காது.

எதுக்கெல்லாம் கூப்பிடலாம்னு முன்னாடியே பேசிடுங்க. அடுப்புல ஏதாவது, யாருக்காவது அடிபட்டா, வாசல்ல பெரியவங்க யாராவது வந்து நின்னா. மத்ததை ஃப்ரிட்ஜ் மேல ஒட்டின பேப்பர்ல எழுதி வைக்கச் சொல்லுங்க, ஏழு மணிக்கு வந்து அதை அவங்க கண்ணு முன்னாடியே ஒவ்வொண்ணா பாருங்க. பாக்கலன்னா அந்தப் பேப்பர் ரெண்டே நாள்ல செத்துடும்.

கொஞ்சம் வளந்த புள்ளைங்களுக்கு டைமரைக் கண்ணுல படற மாதிரி வெளிய வைங்க, மணி அடிச்சதும் அம்மாவைக் கூப்பிடுற வேலையை அவங்களுக்கே குடுத்துடுங்க. ரொம்ப சின்னக் குழந்தைங்களுக்கு இது எதுவும் செல்லாது. தூங்கும்போது எழுதுங்க, இல்லன்னா இன்னொரு பெரியவங்க கைல குடுத்துட்டு எழுதுங்க. குழந்தை கிட்ட ஒழுங்கை எதிர்பாக்காதீங்க.

சிலிண்டர் புக் பண்ணிருந்தா, டெலிவரிக்கு வர்ற கோடு உங்க போனுக்குத்தான் எஸ்எம்எஸ்ஸா வரும். வந்ததும் ஒரு துண்டு பேப்பர்ல எழுதி கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு காசும் வச்சுடுங்க. சிலிண்டர்காரர் வரும்போது "கோடு என்ன"ன்னு உங்களைக் கூப்பிடத் தேவை இருக்காது. வீட்டுல யாருமே இல்லன்னா மட்டும் நீங்க எழுந்து போங்க, அது மு.

பொம்பளைங்களுக்கு ஒண்ணு தனியா சொல்லணும். பல வீட்டுல ஆம்பளை உக்காந்து எழுதினா "அப்பா வேலையா இருக்கார்", பொம்பளை உக்காந்து எழுதினா "சும்மாதானே இருக்க, இதைக் கொஞ்சம் பாரு". டைமரோ ஆப்போ இதை சரி பண்ணாது. அந்த அரைமணி நேரம் கதவை யார் திறக்கிறது, குக்கர் விசிலை யார் எண்றதுன்னு பேர் சொல்லிப் பிரிச்சே ஆகணும், "யாராவது பாத்துக்கோங்க"ன்னு விட்டா அந்த யாராவது நீங்கதான். இதைக் கேக்க கூச்சப்படாதீங்க, உங்க எழுத்துக்கு அந்த அரைமணி நேரம் சேர வேண்டியதுதான்.

6. போன்

இப்பதான் போனுக்கு வரணும். இதுலயும் வரிசை இருக்கு, முதல்ல அவசரத்துக்கு வழி விட்டுட்டுத்தான் மத்ததை அடைக்கணும். அம்மாவுக்கு ஏதாவது ஆயிருக்குமோன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருந்தா எந்த லாக்கையும் நீங்களே உடைச்சுடுவீங்க.

வீட்டு ஆளுங்க, ஸ்கூல், டாக்டர் நம்பரை ஃபேவரிட்ஸ்ல போடுங்க. அப்புறம் டூ நாட் டிஸ்டர்ப் செட்டிங்ஸ்ல ஃபேவரிட்ஸ் கால் மட்டும் வரட்டும்னு வைங்க. அதுலயே திரும்பத் திரும்பக் கூப்பிடுறவங்களை அனுமதிக்கிற ஆப்ஷனும் இருக்கும், ஆண்ட்ராய்டுல அதே ஆள் 15 நிமிஷத்துக்குள்ள ரெண்டாவது தடவை கூப்பிட்டா மணி அடிக்கும், ஐபோன்ல 3 நிமிஷத்துக்குள்ள. அதை ஆன் பண்ணிட்டு சொந்தக்காரங்க கிட்ட "அவசரம்னா ரெண்டு தடவை அடிங்க"ன்னு சொல்லி வச்சுடுங்க. இந்த ஒரு வரி உங்க பாதி பதட்டத்தை எடுத்துடும்.

அடுத்து வாட்ஸ்அப். குரூப்புங்களை எப்பவும் மியூட்ல போட்டு ஆர்க்கைவ் பண்ணிடுங்க. குடும்ப குரூப்பை மியூட் பண்ணா பெரியப்பா கோச்சுக்குவாரோன்னு பயப்படுறாங்க, மியூட் பண்ணது வேற யாருக்கும் தெரியாது. பிரைவசி செட்டிங்ஸ்ல கால்ஸ் உள்ள போனா தெரியாத நம்பர் கால்களை சைலன்ஸ் பண்ற ஆப்ஷன் இருக்கு, அதையும் போட்டுடுங்க.

விளம்பர கால், எஸ்எம்எஸ்ஸை நிறுத்த 1909 நம்பருக்கு ஸ்டார்ட் 0-ன்னு ஆங்கிலத்துல எஸ்எம்எஸ் அனுப்பலாம், அந்த நம்பருக்கே கால் பண்ணியும் பதியலாம். முழுசா நிக்கும்னு சொல்ல முடியாது, பதிவு பண்ணாத பத்து இலக்க நம்பர்ல இருந்து கூப்பிடுறவன் வந்துக்கிட்டேதான் இருப்பான், ஆனா கண்டிப்பா குறையும்.

கடைசியா போனை வேற ரூம்ல வைங்க. போன் மேஜை மேல சும்மா இருந்தாலே மூளையோட திறன் குறையுதுன்னு 2017ல ஒரு ஆய்வு வந்துச்சு, அதுக்கப்புறம் அதே மாதிரி செஞ்சு பாத்தவங்க சிலருக்கு அந்த முடிவு கிடைக்கல, அதனால நான் அதை வச்சு சொல்லல. நான் சொல்ற காரணம் சாதாரணம்: வாக்கியம் சிக்குற நேரத்துல கை தானா எட்டும். எட்டுற தூரத்துல இருந்தா எடுத்துடுவோம், எழுந்து நடந்து போகணும்னா நடுவுல ஒரு வினாடி யோசிப்போம்.

போன்லயே தட்டி எழுதுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, நாவல் முழுக்க கட்டைவிரல்லயே எழுதுறவங்களை எனக்குத் தெரியும். உங்களுக்கு வழி ரெண்டு. வீட்டுல பழைய போன் கிடந்தா சிம்மை எடுத்துட்டு, ஒரு நோட்ஸ் ஆப்பையும் தமிழ் கீபோர்டையும் மட்டும் வச்சுக்கிட்டு அதை எழுதுற போனா ஆக்குங்க. இல்லன்னா இருக்கற போன்லயே டேட்டாவையும் வைஃபையையும் அணைச்சுட்டு நெட் இல்லாம ஓடுற ஆப்ல எழுதுங்க. அவசரக் கால் அப்பவும் வரும், அதுதான் ஏரோபிளேன் மோடை விட இது நல்லதுன்னு சொல்றதுக்குக் காரணம்.

7. தமிழ் டைப்பிங்கே இடைஞ்சலா இருந்தா

இதை யாரும் இடைஞ்சல் லிஸ்ட்ல சேக்குறதே இல்ல, ஆனா பக்கத்துல உக்காந்து பாத்தா தெரியும். ஆங்கில எழுத்துல தட்டி தமிழாக்குற முறையில ல, ள, ழவுக்கும், ன, ண, நவுக்கும் ஒவ்வொரு தடவையும் ஷிஃப்ட் தேடணும், வேற வார்த்தை வந்து நின்னா அழிச்சுட்டு மறுபடி அடிக்கணும். அந்த நேரத்துல அடுத்த வரி மனசுல இருந்து நழுவிடும்.

எந்த முறையா இருந்தாலும் ஒண்ணையே பிடிச்சுக்கோங்க, லேப்டாப்ல ஒண்ணு போன்ல ஒண்ணுன்னு வச்சுக்காதீங்க. நிறைய எழுதணும்னு இருக்கறவங்க தமிழ்99 கத்துக்கறது நல்லது. 1999ல தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட விசைப்பலகை அது. உயிரெழுத்து இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம், க-வை ரெண்டு தடவை தட்டினா முதல் க-வுக்கு புள்ளி தானா விழுந்து க்க ஆயிடும், அதனால தட்டுற எண்ணிக்கையே குறையுது.

ஆனா எழுதுற நேரத்துல கத்துக்காதீங்க, சாயங்காலம் தனியா பத்து நிமிஷம் ஒதுக்கிப் பழகுங்க. பழகி முடிக்கிற வரைக்கும் எழுத்து வேலை பழைய முறையிலயே போகட்டும்.

வேர்டுல தமிழ் வார்த்தைக்கு அடில சிவப்புக் கோடு நெளிஞ்சுக்கிட்டே இருந்தா, டைப் பண்ணும்போதே எழுத்துப்பிழை காட்டுற செட்டிங்கை அணைச்சுடுங்க. சரியா எழுதின வார்த்தையையே தப்போன்னு சந்தேகப்பட்டு நின்னுடுவீங்க, பிழை பாக்குறது வேற நாள் வேலை.

8. பேச்சுச் சத்தம்

மிக்ஸி சத்தத்தை விட பக்கத்து ரூம் சீரியல் வசனம் அதிகமா கெடுக்கும். காதுல விழுற பேச்சு, நாம கவனிக்கலன்னாலும், மனசுல வார்த்தைகளை வரிசையா பிடிச்சு வைக்கிற வேலையைக் கெடுக்குதுன்னு உளவியல்காரங்க 1970கள்ல இருந்தே சோதிச்சுப் பாத்துக்கிட்டு வர்றாங்க. நீங்களும் வார்த்தையைத்தான் கோத்துக்கிட்டு இருக்கீங்க.

அதனால பாட்டுக் கேட்டுக்கிட்டே எழுதுறவங்க தமிழ் வரி இருக்கற பாட்டை விடுங்க. வீணை, நாதஸ்வரம், மழைச் சத்தம் பரவால்ல. ஃபேனை முழு ஸ்பீடுல வைங்க, கதவைச் சாத்துங்க, பெரும்பாலும் போதும்.

ஆடி மாசம் கோயில் ஸ்பீக்கர் கட்டினா அந்த வாரம் புதுசா எழுதாம ஏற்கனவே எழுதினதை பேப்பர்ல திருத்துங்க. ராத்திரி 10 மணில இருந்து காலை 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல வந்த மத்திய அரசு விதி இருக்கு, ஆனா திருவிழா வாரத்துல அதுக்காக மல்லுக்கு நின்னா எழுத்து நேரம்தான் போகும்.

9. நானே எழுந்து போறது

நோட்டுல நா குவியல்தான் பெருசா இருக்கும்னு நான் பந்தயமே கட்டுவேன். இதுக்குள்ளயும் வகை இருக்கு.

தகவல் தேடப் போறது. குதிர் எவ்வளவு உயரம், அந்த வருஷம் பஸ் டிக்கெட் எவ்வளவு, மாமா பையனோட மனைவியை அந்த ஊர்ல எப்படிக் கூப்பிடுவாங்க. தெரியாத இடத்துல @@ போட்டுட்டு மேல போங்க. "மூலைல @@ உயரத்துக்கு குதிர் நின்னுச்சு"ன்னு எழுதினா போதும். தமிழ்ல இந்தக் குறி வேற எங்கயும் வராது, அப்புறம் தேடினா எல்லா இடமும் ஒண்ணா வந்து நிக்கும். இதுக்கு வாரத்துல ஒரு நாள் நெட்டோட உக்காருங்க. அப்ப ஒண்ணு தெரிய வரும், பாதி @@ தேவையே பட்டிருக்காது, அந்த வாக்கியத்தையே நீங்க வெட்டியிருப்பீங்க.

வீட்டு வேலை ஞாபகம் வர்றது. ரேஷன் வாங்கணும், இபி பில் கட்டணும். கிளிப் அட்டைல எழுதிடுங்க, ஆனா வெறும் "இபி பில்"னு எழுதாதீங்க, "இபி பில் – இன்னிக்கு எட்டு மணிக்கு, டிபன் முடிச்சு, போன்ல"ன்னு எழுதுங்க. முடிக்காம கிடக்கற வேலைக்கு எப்ப எப்படி செய்யப் போறோம்னு திட்டம் எழுதிட்டாலே அது நடுவுல வந்து உறுத்துறது குறையுதுன்னு மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2011ல காட்டினாங்க. வேலையை முடிக்கக்கூட வேணாம், திட்டம் போதும்.

முதல் பக்கத்துக்கே திரும்பிப் போறது. டாக்குமெண்ட்டைத் திறந்ததும் மேல இருந்து படிச்சா, படிக்கும்போது ஒரு வார்த்தையை மாத்துவீங்க, அப்புறம் ஒரு வரி, டைமர் அடிச்சுடும். முதல் அத்தியாயம் மட்டும் பளபளன்னு இருக்க, மூணாவது அத்தியாயமே இல்லாத கதைகளை நிறைய பாத்துட்டேன். திறந்ததும் நேரா கடைசிக்குப் போங்க, நேத்து எழுதின கடைசி மூணு வரி மட்டும் படிங்க.

தண்ணி குடிக்க, டீ போட, துணி எடுக்கன்னு எழுந்திருக்கிறது. இதை சோம்பேறித்தனம்னு திட்டிக்காதீங்க. எந்த இடத்துல எழுந்திரிச்சீங்கன்னு பாருங்க, பெரும்பாலும் அடுத்து என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியாத இடமா இருக்கும். அங்க இன்னும் அழுத்தி உக்காந்தா பிரயோஜனம் இல்ல. லேப்டாப்பை பாதி மூடிட்டு பேப்பர்ல "இங்க யாருக்கு என்ன வேணும்?"னு கேள்வியை எழுதி, அதுக்குக் கீழ நடைய பத்தி கவலைப்படாம பேச்சு வழக்குல பதில் எழுதுங்க. அஞ்சாறு வரில வழி தெரிஞ்சுடும், தெரியலன்னா அன்னிக்கு வேற காட்சிக்குப் போங்க.

10. எழுந்தே ஆகணும்னா: திரும்பி வர்ற சீட்டு

மு குவியலுக்கு இதுதான் மருந்து. யாராவது கூப்பிட்டதும் "ஒரு நிமிஷம்"னு சொல்லிட்டு, கிளிப் அட்டைல அடுத்து என்ன வரும்னு ஒரு வரி எழுதிட்டு எழுந்திரிங்க. குழந்தை விழுந்துட்டான்னா ஓடுங்க, சீட்டெல்லாம் அப்புறம்.

எப்படி எழுதணும்ங்கறதுலதான் விஷயம் இருக்கு. "மாமா சீன் தொடரணும்"னு எழுதினா திரும்பி வந்து படிக்கும்போது ஒண்ணும் புரியாது. "மாமா சாவியைக் குடுக்க மாட்டேங்கிறார், காரணம் சொல்லக் கூடாது, பாட்டி திண்ணைல இருந்து பாத்துக்கிட்டே இருக்கா"ன்னு எழுதினா, படிச்ச உடனே கை ஓடும். யார், என்ன செய்றாங்க, எதைச் சொல்லாம விடணும், இது மூணும் இருந்தா போதும்.

ஒரு வேலையை பாதில விட்டுட்டு அடுத்ததுக்குப் போகும்போது கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னு சோஃபி லெராய் 2009ல எழுதினாங்க. 2018ல அவங்களும் இன்னொருத்தரும் செஞ்ச ஆய்வுல, விட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி எங்க நிக்கிறோம், திரும்பி வந்து என்ன செய்யணும்னு குறிச்சு வச்சவங்க, நடுவுல வந்த வேலையை நல்லா கவனிச்சு செஞ்சாங்கன்னு வந்துச்சு. சீட்டோட பெரிய லாபமே அதுதான்னு எனக்குத் தோணுது. எழுதுன வரியை மனசுல பிடிச்சுக்கிட்டே அப்பா பேசுறதுக்கு "ம்ம்"னு சொல்ல வேண்டியதில்ல, அவர் சொல்றதை நிஜமா கேக்கலாம்.

திரும்பி வந்ததும் வேற எதையும் தொடாம உக்காருங்க. சீட்டைப் படிங்க, கடைசி ரெண்டு வாக்கியத்தை வாய்விட்டுப் படிங்க, அடுத்த வாக்கியத்தை எப்படி வந்தாலும் எழுதிடுங்க. திரும்பி வர்ற வழில "அப்படியே மெசேஜ் ஒண்ணு பாத்துடலாம்"னு போனை எடுக்குற இடத்துலதான் நிறைய பேர் அன்னிக்கு எழுத்தைத் தொலைக்கிறாங்க, கூப்பிட்ட அப்பா எடுத்துக்கிட்டது அஞ்சு நிமிஷம்தான்.

11. அன்னிக்கு வேலையை முடிக்கிறது

டைமர் அடிச்சதும் நாளைக்கான சீட்டை எழுதி லேப்டாப் மேலயே வைங்க. நல்லா வந்துக்கிட்டு இருக்கும்போது நிறுத்த மனசு வராது, ஆனா ஏழு மணின்னு சொல்லிருக்கீங்க. அடுத்த வரி தெரிஞ்ச நிலைமைல நிறுத்துனா நாளைக்கு உக்கார்றதும் சுலபம், அதனால இது நஷ்டம் இல்ல.

நாளைக்கான சீட்டு இல்லாம மூடாதீங்க. அடுத்த நாள் முதல் பத்து நிமிஷம் "எங்க விட்டேன்"னு தேடுறதுல போகும், அந்தப் பத்து நிமிஷத்துலதான் நா குவியல் உள்ள வரும்.

12. எதுவுமே நடக்காத நாளுங்க

வீட்டுல கல்யாணம், புள்ளைக்கு பப்ளிக் எக்ஸாம், ஆஸ்பத்திரில யாராவது. அந்த நாள்ல முப்பது நிமிஷம் கேக்காதீங்க. சீட்டுல ஒரே ஒரு வரி மட்டும் மாத்தி எழுதுங்க, மாமா சாவி குடுப்பாரா மாட்டாரா, அவ்வளவு போதும், ஆஸ்பத்திரி வராண்டால உக்காந்துகூட எழுதலாம். கதை மனசுல சூடு ஆறாம இருக்கும்.

விட்ட நாளுக்கு ஈடா மறுநாள் ஒரு மணி நேரம் உக்கார்றேன்னு கணக்கு போடாதீங்க. வீட்டுல பேசி வச்சது முப்பது நிமிஷத்துக்குத்தான், அதை நீங்களா நீட்டினா அஞ்சாவது படியில கட்டினது உடையும். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான அளவுக்கு உக்காருங்க.

13. மறுபடி எப்ப நோட்டை எடுக்கணும்

வீட்டோட நேரம் மாறுறப்ப எல்லாம். ஜூன்ல ஸ்கூல் திறக்கும்போது வேன் நேரம் மாறும், ஏப்ரல் மே லீவுல புள்ளைங்க நாள் பூரா வீட்டுல, புது வேலை, புது வீடு, ஊர்ல இருந்து அப்பா அம்மா வந்து தங்குறது. போன வருஷம் சரியா வந்த நேரம் இப்ப ஏன் வரலைன்னு குழம்பாம ரெண்டாவது படியில இருந்து ஆரம்பிங்க. இந்தத் தடவை ஒரு வாரம் வேண்டியிருக்காது, மூணு நாள் குறிச்சாலே எந்தக் குவியல் பெருத்திருக்குன்னு தெரிஞ்சிடும். நேரம் மாத்தினா வீட்டுலயும் மறுபடி சொல்லுங்க: "அத்தை, இனிமே ஆறரை வரைக்கும்தான்."